பண்டிதர் அயோத்திதாசரின் அறிவு வேட்கை

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். வத்தல்மலை மீது ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணிபுரியும் நான், வரலாற்றைப் பட்டப்படிப்பில் பாடமாக எடுத்துப் படித்தவனே யன்றி ஆராய்ச்சி செய்தவன் அல்லன். எனவே பொருளைத் தேடித் தவிக்க நேருமோ என்று அஞ்சினேன். அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது என் பள்ளிச் சிறுமி ஒருத்தி முன்பு கேட்ட கேள்வி.

அது கார்த்திகைத் திருநாள் மாலை. மலையின் விளிம்பில் நின்று நோக்கினால் கீழே சமவெளி ஊர்களின் விளக்குகள் வரிசை வரிசையாகத் தெரியும். பள்ளி வாயிலிலும் பிள்ளைகள் அகல் ஏற்றிக் கொண்டிருந்தனர். அப்போது ஏழாம் வகுப்பில் பயின்ற மலையாளிப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, "சார், விளக்கு எதற்கு ஏற்றுகிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முதன்முதலில் இதற்கு எண்ணெய் எடுத்தவர் யார்?" என்று கேட்டாள். திருநாளின் புராணம் எனக்குத் தெரியும். எண்ணெயின் வரலாறு தெரியாது. பாடநூலிலும் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கூறி அனுப்பினேன். ஆசிரியர் தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த விடை அது.

சில நாட்கள் கழித்தே நினைவுக்கு வந்தது: இதே கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நில்லாமல், தம் வழியில் விடையும் எழுதியிருக்கிறார். அவர்தாம் பண்டிதர் அயோத்திதாசர்.

பண்டிதரை நம்மில் பலர் பௌத்தராகவும், சாதி ஒழிப்புக்குக் குரல் கொடுத்த முன்னோடியாகவும் அறிவோம். அவ்விரண்டும் உண்மையே. ஆயினும் அவரது எழுத்துகளைப் படிக்குந்தோறும் என் கருத்தில் முதலாவதாக நிற்பது அவருடைய ஓயாத வினவுதலே. மூலிகை, எண்ணெய், சொற்களின் பிறப்பு, ஓலைச் சுவடி, குடிக்கணக்கு, பயிர்த்தொழில், சிறைச்சாலை விதி, புகைவண்டி, பெண்கல்வி என்று அவர் தொடாத பொருள் குறைவு. மேலோட்டமாகக் காண்பவர்க்கு இது பல துறைகளில் அலைந்த மனம் போலத் தோன்றலாம். ஊன்றிக் கற்றால் ஒரே கேள்வி எல்லாவற்றின் அடியிலும் கிடப்பது புலனாகும். நம் மக்கள் எதை அறிந்திருந்தனர், எதைச் செய்தனர், அது எவ்வாறு மறக்கடிக்கப்பட்டது என்பதே அது.

காத்தவராயன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்து, நீலகிரியில் வளர்ந்தார். தமக்குக் கல்வி புகட்டிய வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக் கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்றார். குலத் தொழிலாகவும் கல்வியாகவும் சித்த மருத்துவம் அவரிடம் இருந்தது. ஆசிரியர் பெயரை மாணவன் தன் மேல் சூட்டிக் கொள்வதைப் பற்றி இக்காலத்து ஆசிரியர்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

குடும்பத்தில் வழங்கிய ஒரு செய்தியை அவர் தம் இதழில் பதிவு செய்துள்ளார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணியாளராக இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏட்டுச் சுவடிகளைத் தம் துரையிடம் கொடுக்க, அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ந்தன என்பது அச்செய்தி. எல்லிஸ் யாரென்பதைத் தமிழறிந்தார்க்குக் கூற வேண்டுவதில்லை. 1819-இல் மறைந்த அவர்தாம் குறளுக்கு ஆங்கில விளக்கம் எழுதியவர். ஊருக்குப் புறம்பே தள்ளி வைக்கப்பட்ட ஒரு வீட்டில் ஏடுகள் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன என்னும் செய்தியைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர் பண்டிதர். "இவர்களுக்குப் படிப்பு ஏது?" என்று பிறர் கூறியபோது அவர் நம்ப மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1870-இல் நீலகிரியில் அத்வைதானந்த சபை ஒன்றை நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. வேதாந்தம் சாதியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் அவருக்கு இருந்தது. பிறகு அந்நம்பிக்கை தேய்ந்தது. தேய்ந்ததை மறைக்காமல் வேறு வழி தேடினார். 1885-இல் அருட்திரு ஜான் இரத்தினம் அவர்களோடு சேர்ந்து "திராவிடப் பாண்டியன்" இதழில் பணியாற்றினார். 1891 டிசம்பர் முதல் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அம்மாநாட்டின் பத்துத் தீர்மானங்களைப் படித்தால் அவர் கண்கள் எங்கெங்கெல்லாம் சென்றன என்பது விளங்கும். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியும் சொந்த ஆசிரியரும், உயர்கல்விக்கு உதவித் தொகை, படித்தவர்க்கு அரசு வேலை, பொதுக் கிணறு குளங்களில் உரிமை, நகராட்சிகளில் உறுப்பினர் பதவி ஆகியவற்றோடு, சிறைக் கையேட்டின் ஒரு விதியை நீக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். நம் மக்களைச் சிறைக்குள்ளும் இழிதொழில் செய்ய வைத்த விதி அது. சிறைக் கையேட்டைப் பக்கம் புரட்டி அந்த விதியை எண்ணோடு கண்டுபிடித்தவருடைய வாசிப்பு எத்தகையதென்று நினைத்துப் பாருங்கள்.

மறு ஆண்டு, 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டம் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்ந்தது. நீலகிரியின் சார்பாளராகச் சென்ற பண்டிதர், கடவுள் எல்லார்க்கும் பொதுவானால் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எம் மக்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து வினவினார். அவையில் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரியார், உங்கள் குலத்துக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பனும் இருக்கையில் இத்தெய்வங்கள் எதற்கு என்னும் பொருளில் விடை கூறினார். அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா. எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியும் எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும், அதற்குத் தீர்மானம் போடுங்கள் என்று பண்டிதர் கேட்டார். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி என்றும், புறம்போக்கு நிலம் வழங்குதல் என்றும் அவ்வவை ஒப்புக் கொண்டது. இந்நிகழ்ச்சியைப் பண்டிதரே பின்னாளில் எழுதி வைத்தார். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் அம்மாவட்டத்து நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் மேல், பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் நில ஒதுக்கீட்டிற்கு அரசாணை பிறந்ததும் அதே 1892-ஆம் ஆண்டில்தான். கல்வி, நிலம் என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாரே, அதனை எண்ணி நான் வியப்பதுண்டு. நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும் என்பதைப் பள்ளி வருகைப் பதிவேட்டை ஆண்டுதோறும் பார்க்கும் எவரும் அறிவர்.

1898-இல் கர்னல் ஆல்காட் அவர்களின் துணையோடு பண்டிதரும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் இலங்கை சென்று, கொழும்பு வித்யோதய பிரிவேனாவின் தலைவர் சுமங்கல மகா தேரரிடம் பௌத்த நெறி ஏற்றனர். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்கென ஆல்காட் சென்னையில் பள்ளிகள் திறந்த வரலாறு 1894-இல் தொடங்குகிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.

இனி இதழுக்கு வருவோம். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. முதல் இதழின் அறிவிப்பில், தத்துவம் அறிந்தோரும் இயற்கை விஞ்ஞானிகளும் கணித வல்லாரும் இலக்கியம் கற்றோரும் கூடி இதனை வெளியிடுவதாகக் கூறப்பட்டிருந்தது. கூலி வேலை செய்வோர் வாங்கும் ஓர் இதழுக்கு இயற்கை விஞ்ஞானமும் கணிதமும் எதற்கு என்று அன்று சிலர் நகைத்திருக்கவும் கூடும். பண்டிதருக்கு அந்த ஐயமே எழவில்லை. ஓராண்டு கழித்து, 1908 ஆகஸ்டு 26 முதல், அவ்விதழ் "தமிழன்" என்ற பெயரோடு வந்தது. 1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் மறையும் வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் இடைவிடாமல் அதனை நடத்தினார். நோயாளிகளைப் பார்த்துக் கொண்டே வாரந்தோறும் இதழை நிரப்பினார் என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

மருத்துவராக அவருக்கிருந்த பெயருக்கு ஒரு சான்று போதும். தமிழ்த் தென்றல் திரு.வி.க. இராயப்பேட்டையில் வளர்ந்தவர். சிறுவயதில் முடக்கு நோயால் துன்புற்றபோது பண்டிதரின் மருத்துவத்தால் எழுந்து நடந்ததை அவர் தமது வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே திரு.வி.க. இளமையில் சைவப் பற்று மிகுந்து பௌத்தக் கூட்டங்களில் எதிர்வாதம் செய்யப் போனவர். அங்கே இயற்பியலும் வேதியியலும் கற்பித்த பேராசிரியர் இலட்சுமி நரசுவும், பிற்காலத்தில் பொதுவுடைமையாளராகப் புகழ்பெற்ற சிங்காரவேலரும் உரையாற்றுவர். டார்வினின் கொள்கை அவர்கள் வாய்வழியாக அவருக்கு அறிமுகமாயிற்று. நரசுவின் பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூல் 1907-இல் வெளிவந்தது. 1948-இல் அதன் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். நரசுவும் சிங்காரவேலரும் அறிவியல் வழியில் எதையும் சோதிக்க வேண்டும் என்பவர்கள். பண்டிதரோ தமிழ் ஏடுகளும் வழக்காறுகளுமே தமக்குச் சான்று என்பவர். அவர்களிடையே கருத்து மாறுபாடுகள் எழுந்தன. இவ்வளவு பேர் ஓரிடத்தில் வாதிட்டனர் என்பதே இராயப்பேட்டைக்குப் பெருமை.

இப்போது அந்தச் சிறுமியின் எண்ணெய்க்கு வருகிறேன்.

பண்டிகைகளைப் பற்றிப் பண்டிதர் எழுதியவை தனிச்சுவை உடையவை. தீபாவளி அரக்கனைக் கொன்ற நாள் என்பதை அவர் ஏற்கவில்லை. பண்டைய பௌத்த மடங்களில் இருந்த துறவிகள் எள்ளின் நெய்யை வடித்து, அதன் குணத்தைச் சோதித்தறிந்து, அரசனுக்குத் தெரிவிக்க, மக்கள் யாவரும் அந்நெய்யைத் தலையில் தேய்த்து ஆற்றில் நீராடிய நாளே அது என்றார். கார்த்திகை விளக்கும் அவ்வாறே. ஆமணக்கு விதையிலிருந்து நெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அது எவ்வளவு ஒளி தரும் என்று காண மலையுச்சியில் விளக்கேற்றிப் பார்த்த நாளின் நினைவே அந்தத் திருநாள் என்று எழுதினார். ஒரு கொலையின் கொண்டாட்டத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஒரு கண்டுபிடிப்பை வைத்தார்.

இதனை முதலில் படித்தபோது எனக்கு என் அப்பாயி நினைவு வந்தது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் ஆமணக்கு நெடுங்காலப் பயிர். எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஆமணக்குமுத்து எப்போதும் காயும். முத்தை வாணலியில் பக்குவமாக வறுப்பார். உரலில் இட்டு இடிப்பார். இடித்த மாவைப் பெரிய பானைத் தண்ணீரில் கொட்டி நெடுநேரம் கொதிக்க விடுவார். எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் பைய வழித்து வேறு சட்டியில் ஊற்றி, நீர் சுண்டும் வரை மறுபடி காய்ச்சுவார். சடசடப்பு நின்றால் நீர் போயிற்று என்று பொருள். காதால் கேட்டே அடுப்பை அணைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆமணக்கு முத்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது நீரில் கரைவது, எண்ணெயில் கலவாதது, கொதியில் சிதைவது என்பதை அறிவியல் நூல்கள் கூறுகின்றன. அப்பாயி அந்நூல்களைக் கண்டதில்லை. ஆனால் பச்சை முத்தைக் குழந்தை வாயில் வைத்துவிடாமல் காப்பதும், பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் எருக்குழியில் கொட்டுவதும் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்த எண்ணெய்தான் எங்களுக்கு விளக்கு, வயிற்றுக்கு மருந்து, வண்டி அச்சுக்கு மசகு. இந்திய இரயில்வேயின் விளக்குகளில்கூட ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெய் எரிந்தது.

நான் கல்வியியல் பட்டம் பெற்ற பின்பும் நெடுநாள் இதனை அறிவு என்று கருதியதில்லை. வேலை என்று மட்டுமே கருதினேன். பண்டிதர் அவ்விரண்டையும் பிரிக்கவில்லை. விளக்கைக் கண்டதும் அதை ஏற்றிய அரசனைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், எண்ணெயை வடித்தவர் யாரென்றும் வினவினார். மருத்துவராதலால் எண்ணெய் காய்ச்சும் பக்குவம் அவர் கைக்கும் தெரியும். புகைவண்டி, தந்தி முதலியவற்றைச் செய்த மேலைநாட்டாரைப் பாராட்டியபோதும், கையால் செய்பவனை இழிவாக எண்ணாத நாட்டில்தான் இத்தகையவை பிறக்கும், பிறப்பைக் கொண்டு வேலையைத் தாழ்த்தும் நாட்டில் பிறவா என்னும் கருத்தையே வலியுறுத்தினார்.

ஆயினும் ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று கூறியாக வேண்டும். கார்த்திகை விளக்கீடு சங்கப் பாடல்களிலேயே பேசப்படுகிறது. அது பௌத்த மடத்தில் எண்ணெய் கண்டறிந்த நாளின் நினைவு என்பதற்கு அங்கே சான்றில்லை. பண்டிதர் கூறிய சொற்பிறப்புகள் பலவற்றையும் மொழியறிஞர் ஏற்பதில்லை. இந்திரம் என்பதிலிருந்து இந்தியா வந்தது என்பது போன்றவை அத்தகையன. அந்நாட்டின் பெயர் சிந்து ஆற்றின் வழியாக வந்தது என்பதே வரலாற்றார் துணிபு. "இந்திரர் தேச சரித்திரம்" என்ற அவரது நூலைத் தேர்வுக்குரிய பாடநூல் போலப் படித்தல் பொருந்தாது. அவருக்குக் கல்வெட்டுத் துறையின் நூல்களோ அகழாய்வு அறிக்கைகளோ இன்றுள்ளவாறு கிட்டவில்லை. கிட்டியவை ஏடுகளும் நிகண்டுகளும் மக்கள் வழக்குகளுமே. அவற்றைக் கொண்டு மறைந்த வரலாற்றை எழுப்ப முனைந்தார். விடைகள் சிலவற்றில் தவறினார். கேள்வி தவறவில்லை என்பது என் கருத்து.

இதினும் கடினமான ஒன்று உண்டு. மலர்க் குழுவின் முன் இக்கட்டுரையின் குறிப்பை வாசித்தபோது, விழா மலரில் இது வேண்டுமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் தயங்கினார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆனால் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. பண்டிதர், சாதி வெறியால் தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பாகவே தாழ்ந்தோர் வேறு என்று பிரித்தார். பறையர் எனப்பட்டோரை முதல் வகையிலும், அருந்ததியர், குறவர், வில்லியர் முதலிய மக்களை இரண்டாம் வகையிலும் வைத்து எழுதினார். தம் மக்கள் மேல் சுமத்தப்பட்ட இழிவு பொய் என்று காட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய ஒருவர், பக்கத்துத் தெருவின் மேல் சுமத்தப்பட்ட அதே இழிவைக் கேள்வியின்றி ஏற்றுக் கொண்டார். எல்லாவற்றையும் வினவிய அந்த மனம் இங்கே மட்டும் வினவவில்லை. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் இன்று பறையர் வீட்டுப் பிள்ளையும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து கணக்குப் போடுகின்றனர். விடுமுறையில் மலையிலிருந்து இறங்கி வரும் பழங்குடிப் பிள்ளைகளும் அவர்களோடு அமர்வதுண்டு. பண்டிதரின் பக்கங்களை அவர்கள் ஒரு நாள் தாமே படிப்பார்கள். நாம் மறைத்தோம் என்று அப்போது அவர்கள் அறிவதைவிட, நாமே கூறினோம் என்பது மேல் என்று அவ்வுறுப்பினரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, பிறகு இசைந்தார்.

பண்டிதரின் இதழ் எங்கெங்குச் சென்றது என்பதிலும் நமக்கோர் உறவு இருக்கிறது. இராயப்பேட்டையில் அச்சான "தமிழன்" நீலகிரி, பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்க் கூலி மக்கள் சென்ற இடமெல்லாம் சென்றது. எல்லாவற்றிலும் அது வேர் கொண்ட மண் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் வெட்டினர். 1902-இல் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தனர். இந்தியப் பேரூர்கள் பலவும் மின் விளக்கைக் காணாத நாள் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பத்தைத் தாங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். வட ஆர்க்காடு, சித்தூர், அன்றைய சேலம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். 1965 அக்டோபர் 2-ஆம் நாள் வரை தருமபுரியும் சேலம் மாவட்டத்தின் பகுதியே. சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் ஆகிய இடங்களில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தோன்றின. பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன "தமிழன்" இதழை 1926-இல் மீண்டும் எழுப்பி நடத்தியவர் தங்கவயலைச் சேர்ந்த அறிஞர் ஜி. அப்பாதுரையார்.

என் தாய்வழிப் பாட்டனார் இளமையில் தங்கவயலுக்குச் சென்று சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் கூறுவது வழக்கம்: லைன் வீடுகளின் முன் விளக்குக் கம்பத்தின் கீழ் ஒருவர் இதழ் வாசிப்பார், பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிக் குந்தியிருந்து கேட்பர். வாசித்து முடித்ததும் வாதம் தொடங்கும். பாட்டனாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சுரங்கத்தில் எத்தனை அடி இறங்கினால் எவ்வளவு சூடு ஏறும் என்றும், பூமிக்குள் அச்சூடு எங்கிருந்து வருகிறது என்று அங்கு நடந்த வாதத்தையும் எனக்குக் கூறியவர் அவரே. எனது முதல் புவியியல் ஆசிரியர் அவர் எனின் மிகையன்று. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. கம்பத்தடியில் இதழ் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

அந்த வாசகர்களால்தான் பண்டிதர் நமக்குக் கிடைத்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர் மறைந்தபின் எண்பதாண்டுக் காலம் பல்கலைக்கழக வரலாறுகளிலும் இலக்கிய வரலாறுகளிலும் அவர் பெயர் அரிதாகவே காணப்பட்டது. நான் பட்டப் படிப்பில் பயின்ற தமிழக வரலாற்றில் அவருக்கு ஒரு வரியும் இல்லை. ஆனால் மக்கள் தம் வீடுகளில் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தனர். அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து ஞான. அலாய்சியஸ் அவர்கள் "அயோத்திதாசர் சிந்தனைகள்" என்னும் தலைப்பில் 1999-இல் இரண்டு தொகுதிகளாகக் கொணர்ந்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003-இல் வந்தது. அதன் பிறகே ஆய்வுகள் பெருகின. 2005-இல் நடுவண் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023-இல் சென்னை காந்தி மண்டப வளாகத்தில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் அமைத்தது. ஏட்டைக் காத்த கந்தப்பனின் பேரனுடைய எழுத்தையும் ஏட்டைப் போலவே வீட்டுப் பெட்டிகள் காக்க நேர்ந்தது.

நம் சங்க நூலகத்தில் அந்தத் தொகுதிகள் உள்ளன. பெயரேட்டைப் பார்த்தேன், கடந்த நான்காண்டுகளில் அவற்றை எடுத்துச் சென்றோர் ஐவர், அவருள் ஒருவன் நான். இதனைக் குறையாகக் கூறவில்லை. நூற்றாண்டுக்கு முந்தைய நடை, பத்திகள் நீண்டவை. உயர்நிலைப் பிள்ளைகளுக்கு எளிய முறையில் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தால் நன்று. அப்பணியில் நானும் பங்கு கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

தொகுதியைப் புரட்டிப் பார்த்த பிறகு, அடுத்த வாரமே வகுப்பில் அந்தச் சிறுமியை அழைத்தேன். ஒரு பெரியவர் இவ்வாறு எழுதியிருக்கிறார், இது மெய்யா என்று எனக்கு உறுதியில்லை, ஆனால் ஆமணக்கெண்ணெய் எப்படி எரிகிறது என்று நாமே பார்க்கலாம் என்றேன். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டு வந்தனர். ஆமணக்கெண்ணெய் ஓர் அகல், நல்லெண்ணெய் ஓர் அகல், கடலையெண்ணெய் ஓர் அகல். மூன்றிலும் ஒரே கரண்டியால் இரண்டிரண்டு கரண்டி ஊற்றி, காற்றுப் புகாமல் சன்னல்களை அடைத்து, ஒரே நேரத்தில் ஏற்றினோம். கடலையெண்ணெய் விளக்கு முதலில் அணைந்தது. அடுத்து நல்லெண்ணெய். ஆமணக்கு விளக்கு பள்ளி மணி அடித்த பின்பும் எரிந்து கொண்டிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுத்து அமர்ந்திருந்தனர். அணைந்ததும் கைதட்டினர். கரும்பலகையில் நேரங்களை எழுதிவிட்டு நானும் பெருமிதத்தோடு சுண்ணக்கட்டியை வைத்தேன்.

அந்தச் சிறுமி மட்டும் கைதட்டவில்லை. மூன்று அகல்களையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தவள், "சார், திரி மூன்றும் ஒரே பருமனா? நாம் அதை அளக்கவே இல்லையே" என்றாள்.

மறுநாள் மறுபடியும் ஏற்றினோம்.